நெடுந்தீவுக்கு இணையான ஊர்

கோபிகா செய்த கணினி மொடல் முதல்தடவையாக முழுதாக ஓடி முடிந்த அன்றைக்கு, தர்சன் அலுவலகத்தில் எல்லாருக்கும் ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுப்பித்துக் கொடுத்தார்.

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் இருந்த சின்ன நிறுவனம் அது. தர்சன் அதன் பொறுப்பாளர். வெளிநாட்டு நிதியம் ஒன்று தீவுகளிலும் வன்னிக் கரையோரத்திலும் சில வருடங்களாக ஒரு போசாக்குத் திட்டம் நடத்தி வந்தது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் ஓர் அட்டை. மாதாமாதம் கடையில் அந்த அட்டையைக் காட்டினால் முட்டை, பருப்பு, பால்மா, சத்துமா கிடைக்கும். இப்போது நிதியத்திடம் வளம் குறைந்துவிட்டது. எல்லா ஊரிலும் தொடர முடியாது. எங்கே தொடர்வது, எங்கே விடுவது என்று மதிப்பிட்டுச் சொல்லும் வேலை தர்சனின் நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது. ஆட்களைக் கேட்டால் எல்லாரும் தங்கள் ஊருக்குத்தான் வேண்டும் என்பார்கள். அதனால் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பக்கச்சார்பில்லாமல் பார்க்கும்படி நிதியம் கேட்டிருந்தது.

கோபிகா வேலணைப் பெண். புள்ளிவிபரவியல் படித்து, கொழும்பில் சில காலம் வேலை செய்து, தகப்பன் இறந்த பிறகு தாயோடு இருப்பதற்காகத் திரும்பி வந்தவள். காலையில் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் வந்து, பின்னேரம் அதே பாலத்தால் போவாள். இந்த மொடலில் அவளுக்கு நிறையப் பெருமை இருந்தது. கிளினிக்குகளில் எடுத்த பிள்ளைகளின் நிறை, அட்டைப் பாவனை, மழை, மீன்விலை, வானத்திலிருந்து எடுத்த கூரைப் படங்கள் எல்லாவற்றையும் அது வாசிக்கும். வாசித்துவிட்டு, திட்டம் நடக்கிற ஒவ்வோர் ஊருக்கும் திட்டம் இல்லாத ஓர் இணை ஊரைத் தானே தேடி எடுக்கும். இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் திட்டத்தால் வந்த பலன். எங்கேயாவது ஒரு பிள்ளையை நிறுக்காமல் விட்டிருந்தால், அதைப் போன்ற மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அந்த நிறையை அதுவே ஊகித்து நிரப்பும்.

தீவுகளின் படத்தில் நெடுந்தீவு பச்சையாக வந்தது. அங்கே பிள்ளைகள் தேறிவிட்டார்கள், ஒரு வருடத்துக்குள் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மிச்சத்தை வன்னிப் பக்கம் திருப்பலாம் என்று மொடல் சொன்னது.

"இதைத்தான் நிதியம் கேட்டது," என்றார் தர்சன். "ஒரு இடத்திலையாவது வேலை முடிஞ்சுதெண்டு சொல்லக்கூடியமாதிரி ஒண்டு."

கோபிகாவுக்கு அது இன்னொரு காரணத்தாலும் சந்தோசம். அவளுடைய தமக்கை துஷாந்தி நெடுந்தீவில்தான் கலியாணம் கட்டியிருந்தாள். புருசன் சுதனுக்குக் கடல் தொழில். மூத்தவன் பள்ளிக்கூடம் போகிறான். இளையவள் யதுசிகாவுக்கு இனித்தான் மூன்று வயது முடிய வேண்டும். கோபிகா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தமக்கைக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, உங்கடை ஊர் நல்லா வந்திருக்கு. பிள்ளையளின்ரை நிறையெல்லாம் ஏறியிருக்கு."

"எந்தப் பிள்ளையளின்ரை?"

"நெடுந்தீவுப் பிள்ளையளின்ரைதான். நாங்கள் எல்லாத்தையும் போட்டுப் பாத்தனாங்கள்."



"அப்ப அட்டையை நிப்பாட்டப் போறாங்களோ?"

"உடனை இல்லை. ஒரு வரியம் வைச்சுக் குறைப்பினம்."

"நீ ஒருக்கா வந்திட்டுப் போ கோபி," என்றாள் துஷாந்தி. "யதுவைக் கண்டு எவ்வளவு காலம்."

அந்தச் சனிக்கிழமை கோபிகா குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேறினாள். கடல் அமைதியாக இருந்தது. படகில் சீமெந்துப் பைகளும் கோழித்தீவனமும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் இருந்தன. இறங்கினதும் சுதன் தன் பழைய மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு, கல்வேலிகளுக்கு நடுவால் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

யதுசிகா வாசற்படியில் இருந்தாள். மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். அந்தச் சட்டையைக் கோபிகாவுக்குத் தெரியும். பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு அவள்தான் யாழ்ப்பாணத்தில் வாங்கி அனுப்பினாள். அப்போது பெரிசு என்று துஷாந்தி போனில் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. அது இப்போதும் பிள்ளையின் தோளில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

கோபிகா பிள்ளையைத் தூக்கினாள். தூக்குவதற்கென்று கைக்குக் கொடுத்த பலம் மிஞ்சிப்போனது.

"கிளினிக்கிலை என்ன சொல்லினம் அக்கா?"

துஷாந்தி குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் இவளைக் கொண்டுபோறேல்லை."

"ஏன்?"

"ஏனோ? போன வரியம் கொண்டுபோனனான். எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கத் தராசிலை வைச்சினம். முள்ளு ஏறேல்லை. இவ்வளவு சாமானும் வாங்கிறியள், பிள்ளைக்குக் குடுக்கிறியளோ, விக்கிறியளோ எண்டு ஒரு பொம்பிளை கேட்டா. கிளினிக் ஆள் இல்லை, வரிசையிலை நிண்ட ஒருத்தி. எல்லாரும் சிரிச்சினம். அதுக்குப் பிறகு நான் போகேல்லை. மெற்றில்டாவும் போறேல்லை. மெலிஞ்ச பிள்ளை வைச்சிருக்கிற ஒருத்தரும் போறேல்லை. கொழுத்த பிள்ளையள்தான் போகுதுகள்."

மெற்றில்டா அடுத்த வளவுக்காரி. அமலதாஸ் என்ற மீனவரின் மனைவி. அவளுக்கும் யதுசிகாவின் வயதில் ஜெறோன் என்று ஒரு மகன்.

"ஆனா சாமான் எடுக்கிறியள்தானே?"

"எடுக்கிறனாங்கள். நிறுத்தால்தான் சாமான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"அப்ப அது யதுவுக்குப் போகேல்லையோ அக்கா?"

துஷாந்தி துருவலைச் சட்டியில் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். "அத்தான் கடலுக்குப் போய் வெறுங்கையோடை வாற நாளிலை, நான் அந்த முட்டையை அவிச்சு இவளுக்கு மட்டும் தீத்திப்போட்டு, மூத்தவனைப் பாத்துக்கொண்டு இரு எண்டு சொல்லுறதோ? நீயெண்டால் சொல்லுவியோ? எல்லாருந்தான் தின்னிறம். அது இல்லாட்டி எங்களுக்கு அந்தக் கிழமை ஒண்டுமில்லை. அதோடை இந்தத் தண்ணி. மாசத்திலை ஒருக்கா எண்டாலும் இவளுக்கு வயித்தாலை போகும். ஏறினது எல்லாம் அதோடை போயிடும்."

கோபிகா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நிறுக்காத மாதம் ஒவ்வொன்றுக்கும் தன்னுடைய மொடல் யதுசிகாவுக்கு ஒரு நிறையைக் கொடுத்திருக்கும் என்று நினைத்தாள். கிளினிக்குக்குப் போன கொழுத்த பிள்ளைகளைப் பார்த்து ஊகித்த நல்ல நிறை. மாதாமாதம் அது ஏறிக்கொண்டே போயிருக்கும். கோபிகாவின் அலுவலகக் கணினியில் இந்தப் பிள்ளை ஒரு வருடமாக வளர்ந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் தர்சனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.  அவர் கெட்ட மனிதர் அல்ல. இந்த வேலை போனால் நிறுவனத்தில் பாதிப் பேரை அனுப்பவேண்டி வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"உம்மடை அக்கா சொன்னா எண்டு நான் நிதியத்துக்கு எழுத ஏலாது கோபிகா."

"அக்கா சொன்னதை எழுதச் சொல்லேல்லை அண்ணை. மொடல் பிழையான பதிலைத் தந்திருக்கு. விடுபட்ட பிள்ளையள் சும்மா விடுபடேல்லை. மெலிஞ்சதாலை விடுபட்டிருக்குதுகள். அதுகளையும் நிறுத்தால் நெடுந்தீவு பச்சையா நிக்காது."

"அப்ப நிறும்," என்றார் தர்சன். "நிறுத்துக்கொண்டு வாரும். நான் அவையோடை கதைச்சு இறுதி அறிக்கைக்குக் கொஞ்ச அவகாசம் எடுக்கிறன். அதுக்கு மேலை என்னாலை ஏலாது."

அவர் சொன்னபடி அவகாசம் எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் தாய்மார் வரவேண்டுமே. கோபிகாவுக்குத் தெரியும், தான் போய்க் கூப்பிட்டால் ஒருவரும் வரப்போவதில்லை. துஷாந்தியிடம்தான் கேட்டாள். துஷாந்திக்கு முதலில் விருப்பமில்லை.

"என்னைக் கேட்டுத்தான் அதுகள் வரும். பேந்து ஒண்டு நடந்தால் என்னைத்தான் கேக்குங்கள்."

"நல்லதுதான் நடக்கும் அக்கா. இப்ப அவைக்கு இஞ்சை தேவையில்லை எண்டு போயிருக்கு. தேவை இருக்கெண்டு காட்டினால் நிப்பாட்ட மாட்டினம்."

துஷாந்தி யதுசிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வெட்கப்படத் தேவையில்லை, எங்கள் வீட்டிலேயே செய்வோம், என்ரை தங்கச்சிதான் நிறுக்கப்போகிறாள், வேறு ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று சொன்னாள். சில இடங்களில் கதவு திறக்கவில்லை. சில இடங்களில் புருசன்மார் ஏசினார்கள். மெற்றில்டா மட்டும் உடனே ஓம் என்று சொல்லி, பிறகு அவளும் சேர்ந்து நடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோபிகா எதிர்பார்த்ததைவிடக் கனபேர். வளவுக்குள் வேப்பமரத்தின் கீழ் தராசை வைத்திருந்தாள். தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் துவாயால் மூடிக் கொண்டு வந்தார்கள். உள்ளே வந்த பிறகுதான் துவாயை எடுத்தார்கள். எடுத்த பிறகு ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்தார்கள். தன் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தவர்கள் அவர்கள். ஒருத்தி அழுதாள். பக்கத்தில் நின்றவள் அவளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேச்சு வந்தது. எந்த மாதம் வயிற்றாலை போனது, எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாமான் ஒத்துக்கொள்கிறது, சத்துமாவை எப்படிக் கொடுத்தால் துப்பாமல் தின்னும் என்றெல்லாம் கதைத்தார்கள். துஷாந்தி எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றினாள். அவளை அவ்வளவு கலகலப்பாகக் கோபிகா கன காலம் பார்த்ததில்லை.

ஜெறோனைத் தராசில் வைத்தபோது அவன் கோபிகாவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். விரலைப் பிடித்தால் நிறை பிழைக்கும். மெற்றில்டா அவன் கையை மெல்லக் கழற்றினாள்.

"தங்கச்சி, இதாலை நல்லது நடக்கும்தானே?"

"ஓம் அக்கா," என்றாள் கோபிகா.

அவள் அப்போது அதை முழுதாக நம்பினாள்.

அலுவலகத்துக்கு வந்து புது நிறைகளைப் போட்டு மொடலை மறுபடி ஓடவிட்டாள். அது ஓடி முடிய ஒரு பகல் எடுத்தது. அவள் நினைத்தபடியே பச்சை போனது. மஞ்சள் வரும், தொடர்ந்து உதவி தேவை என்று வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வந்தது சிவப்பு.

சிவப்பு என்றால் திட்டத்தால் பலனில்லை.

கோபிகா திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். கணக்கில் பிழை இருக்கவில்லை. நெடுந்தீவுக்கு இணையாக மொடல் எடுத்திருந்தது பெருநிலத்தில் ஒரு கரையோரக் கிராமத்தை. அதே மாதிரிக் கூரைகள், அதே மாதிரி மழை, அதே மீன்பிடி, கிட்டத்தட்ட அதே வறுமை. அங்கே அட்டை இல்லை. அங்கேயும் பிள்ளைகள் மெலிவுதான், ஆனால் நெடுந்தீவுப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஆகவே அட்டை கொடுத்தும் நெடுந்தீவில் ஒன்றும் நடக்கவில்லை என்று மொடல் முடிவெடுத்தது. அந்தக் கிராமத்திலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு பஸ் வரும். கிணற்றில் நல்ல தண்ணீர். மீன் வாங்க வியாபாரி வாசலுக்கு வருவான். நடுவில் ஒரு கடல் கிடக்கிறது என்பதை மொடலுக்குச் சொல்வதற்கு வழியிருக்கவில்லை. சொன்னாலும், கடலுக்கு அப்பால் நெடுந்தீவைப் போல இருந்து, அட்டை மட்டும் இல்லாத இன்னொரு தீவைத் தேடினால் அது எங்கேயும் இல்லை.

அவள் இதையெல்லாம் ஒரு தனிக் குறிப்பாக எழுதி அறிக்கையோடு சேர்த்தாள். தர்சன் அதை வெட்டாமல் அனுப்பினார். பிறகு ஒரு காலையில் திரையில் கூட்டம் நடந்தது. நிதியத்தின் பக்கத்திலிருந்து பேசியவர் கொழும்பில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண். மரியாதையாகப் பேசினார்.

"கோபிகா, உங்கட நேர்மைக்கு முதல்ல நன்றி சொல்லவேணும். பச்சையா இருந்ததை நீங்களே திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறீங்கள். எல்லாரும் அப்பிடிச் செய்யமாட்டினம்."

"மிஸ், அந்த அட்டை இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையள் இதைவிட மோசமா இருந்திருக்குங்கள். அதைத்தான் நான் குறிப்பிலை எழுதியிருக்கிறன்."

"வாசிச்சனான். நானும் அப்பிடித்தான் இருக்குமெண்டு நினைக்கிறன். ஆனா அதை நாங்கள் காட்ட ஏலுமா?"

"ஒப்பிட்டுப் பாக்க நெடுந்தீவைப் போலை இன்னொரு இடம் இல்லை மிஸ்."

"அதுதான் பிரச்சினை," என்றார் அவர். "பலன் காட்டுற இடங்கள் வன்னியில காத்துக்கொண்டிருக்கு. பலன் இல்லையெண்டு எங்கட சொந்த மதிப்பீடே சொல்லுற இடத்தில தொடர்ந்தால் மேலிடத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

தர்சன் குறுக்கிட்டார். "முதல் அறிக்கையிலை ஒரு வரியம் வைச்சுக் குறைக்கிறதா இருந்ததே மிஸ். அதையாவது குடுக்கலாமே?"

"அது தேறின ஊர்களுக்கு உள்ள ஒழுங்கு. இலக்கை அடைஞ்ச இடத்தில மெல்ல மெல்ல விலகலாம். பலனில்லாத இடத்துக்கு அப்பிடி ஒண்டு இல்லை. இந்த மாசத்தோட நிப்பாட்டச் சொல்லித்தான் வரும்."

கூட்டம் முடிந்து திரை கறுத்த பிறகும் கோபிகா எழும்பவில்லை. தர்சன் தன் கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"எப்பிடியும் மூடியிருப்பினம் கோபிகா."

"ஒரு வரியம் கிடைச்சிருக்கும் அண்ணை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு வரியம் கிடைச்சிருக்கும்."



நெடுந்தீவுக்கு அறிவித்தல் போவதற்கு முன் தானே போய்ச் சொல்லவேண்டும் என்று அவள் போனாள். துஷாந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். மெற்றில்டாவும் ஜெறோனோடு அங்கே இருந்தாள். சொல்லி முடிந்ததும் மெற்றில்டாதான் முதலில் வாய் திறந்தாள்.

"எனக்கு விளங்கேல்லை. பிள்ளையள் நல்லா இருந்தாலும் நிப்பாட்டுவினம், மெலிஞ்சாலும் நிப்பாட்டுவினமோ?"

"அவை பாக்கிறது அப்பிடி இல்லை அக்கா. சாமானாலை மாற்றம் வந்ததோ எண்டுதான்..."

"சாமானாலைதான் என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான்," என்றாள் மெற்றில்டா. குரலை உயர்த்தவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வளவுக்குப் போனாள்.

துஷாந்தி சொன்னாள். "நீ வேணுமெண்டு செய்யேல்லை. எனக்குத் தெரியும். ஆனா இந்த ஊருக்குள்ளை நான்தான் இருக்கவேணும்."

அடுத்த மாதம் கோபிகா தன் சம்பளத்தில் பால்மாவும் பருப்பும் வாங்கிப் படகில் போட்டு விட்டாள். துஷாந்தி எடுத்தாள். அதற்கடுத்த மாதமும் எடுத்தாள். மூன்றாம் முறை போன் எடுத்து, இனி அனுப்பாதே என்றாள். "இறங்குதுறையிலை என்ரை பேருக்குப் பெட்டி வருகுது. எல்லாரும் பாக்கினம். தங்கச்சி ஊரை வித்துப்போட்டுத் தமக்கைக்கு மட்டும் அனுப்புறா எண்டு சொல்லுறது என்ரை காதிலையே விழுகுது."

"சொல்லுறவை சொல்லட்டும் அக்கா. யதுவுக்குத்தானே?"

"பக்கத்து வளவிலை அவன் ஜெறோன் நிண்டு பாக்கிறான் கோபி. அவனுக்கும் குடுத்தால் மற்றதுகள். நான் எத்தினை பேருக்குக் குடுக்கிறது?"

சோழகக் காற்று தொடங்கியது. கடல் குழம்பி, படகு ஓடாத நாட்கள் வந்தன. அப்படி ஒரு கிழமையில் யதுசிகாவுக்குக் காய்ச்சலும் சளியும் பிடித்தது. தீவு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொன்னார்கள். கடல் அடங்கும்வரை பார்த்திருந்து, அடங்கினதும் முதல் படகில் துஷாந்தி பிள்ளையைக் கொண்டு வந்தாள். நியூமோனியா என்றார்கள். கோபிகா அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாண ஆஸ்பத்திரி வாட்டில் தமக்கையோடு மாறி மாறி இருந்தாள். பிள்ளை தப்பிவிட்டாள். வீட்டுக்கு விடும்போது டொக்டர், இளம் பொடியன், பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் முட்டை, மீன், பால் கொடுக்கவேண்டும், இந்த உடம்பு இன்னொரு காய்ச்சலைத் தாங்காது என்று சொன்னான். துஷாந்தி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் கோபிகா கேட்டாள். "இவளை என்னட்டை விடு அக்கா. வேலணையிலை அம்மாவும் இருக்கிறா. சோழகம் முடியுமட்டும் எண்டாலும்."

துஷாந்தி பஸ் வரும்வரை பிள்ளையை இறக்காமல் வைத்திருந்தாள். பஸ் வந்ததும் பிள்ளையைக் கோபிகாவின் கையில் கொடுத்துவிட்டு, குறிகாட்டுவான் பஸ்ஸில் ஏறி, மற்றப் பக்கத்து யன்னலோரமாக இருந்தாள்.

வேலணை வீட்டில் எல்லாம் இருந்தது. கோபிகா ஊர்க்கோழி முட்டை தேடி வாங்கினாள். வேலை முடிந்து வரும் வழியில் மண்டைதீவில் பஸ்ஸால் இறங்கி, அன்றைய மீன் வாங்கிக்கொண்டு போவாள். பால், வாழைப்பழம், எள்ளுருண்டை எல்லாம் வைத்தாள். யதுசிகா எதையும் தின்னவில்லை. அழவுமில்லை, அடம்பிடிக்கவுமில்லை. ஊட்டினால் வாயில் வைத்துக்கொண்டு இருப்பாள், விழுங்கமாட்டாள். பகல் முழுக்கக் கேற்றடியில் நின்றாள். சாட்டிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் காட்டினால், அம்மா இந்தக் கடலாலை வருவாவோ என்று கேட்டாள். அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சனம் குளித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இல்லை, அது வேறை பக்கம் என்று கோபிகா சொன்னாள்.

அந்த நாட்களில் அலுவலகத்தில் அவளுக்குப் புது வேலை வந்திருந்தது. நிதியத்துக்கு மொடல் பிடித்துப்போய், இன்னொரு மாகாணத்துக்கும் அதையே செய்யச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையை விடமுடியாது என்று அவளுக்குத் தெரியும். அவள் விட்டால் வேறு ஒருவர் செய்வார், அவருக்கு நெடுந்தீவில் ஒரு தமக்கையும் இருக்கமாட்டாள். இணை ஊர் கிடைக்காத இடங்களை மதிப்பிடாமல் விடவேண்டும் என்று முன்மொழிவில் ஒரு வரி சேர்த்தாள். மதிப்பிடாத இடத்துக்கு நிதி ஒதுக்க முடியாது என்று பதில் வந்தது. அவள் அந்த வரியை எடுத்துவிட்டாள்.

யதுசிகா இன்னும் இளைத்தாள். பிள்ளை ஏங்கிப்போனாள், தாயிட்டைக் கொண்டுபோய் விடு என்று கோபிகாவின் தாய் சொன்னாள். கடல் கொஞ்சம் அடங்கின ஒரு நாள் கோபிகா அவளைக் கூட்டிக்கொண்டு படகேறினாள். பிள்ளை வழி முழுக்கத் துறையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

துஷாந்தி துறையில் நின்றாள். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சாப்பிட்டவளோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் சாப்பிடேல்லை."

வீட்டுக்குப் போகும் வழியில் மெற்றில்டா தன் படலையடியில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஜெறோன் இல்லை. அவன் எங்கே என்று கேட்கக் கோபிகாவுக்குப் பயமாக இருந்தது. துஷாந்திதான் மெல்லிய குரலில் சொன்னாள், அவனுக்குத் திரும்பவும் வயிற்றாலை, அமலதாஸ் அண்ணை தீவு ஆஸ்பத்திரியில் அவனோடு நிற்கிறார் என்று. மெற்றில்டா கோபிகாவைக் கண்டாள். ஏசவில்லை. காணாதவள் போலத் திரும்பிப் படலையைச் சாத்தினாள்.

குசினியில் சோறும் வெறும் சொதியும் இருந்தன. அன்றைக்கும் சுதனுக்கு மீன் படவில்லை. துஷாந்தி ஒரு கோப்பையில் பிசைந்து கொண்டுவந்து நிலத்தில் இருந்தாள். யதுசிகா தாயின் முழங்காலில் ஏறியிருந்து வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மறுபடி திறந்தாள். தமையன் வந்து மற்றப் பக்கம் இருக்க, அவனுக்கும் ஒரு பிடி போனது. கோப்பை முடிந்ததும் பிள்ளை, "இன்னும்" என்றாள்.

துஷாந்தி எழும்பிப் போய்ச் சட்டிக்குள் பார்த்தாள். சுதனுக்கென்று மூடி வைத்திருந்ததில் பாதியை எடுத்துக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து, திரும்பவும் இருந்தாள்.

"உனக்குப் படகுக்கு நேரமாகுது கோபி," என்றாள். "போயிட்டு வா."